இருபது நாற்காலிகள்

எழுபத்தொரு மணி நேரம் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் 'சரி' என்று சொன்னால் கம்பெனி விலைபோகும். சொல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் கதவைச் சாத்த வேண்டியதுதான். இது அங்கே வேலை பார்த்த இருபத்துமூன்று பேருக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அவருக்கு ஒரு தீர்க்கதரிசி கிடைத்திருந்தார்.

கம்பெனியின் தொழில் கைப்பேசியில் குமிழி உடைக்கும் விளையாட்டு. ஒரு காலத்தில் பேருந்து முழுக்க உடைத்தார்கள். இப்போது உடைத்து உடைத்து அலுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி விலை கேட்டு வந்திருந்தது. தொழிலில் அப்போது அதுதான் காய்ச்சல். வாடகை அறையில் நாலு பேர் செய்த விளையாட்டு, விமான நிலையம் கட்டும் விலைக்குப் போனதாக வாரம் ஒரு செய்தி வரும். அதைப் படித்துவிட்டு மற்ற முதலாளிகள் தூக்கத்திலும் கைப்பேசியைத் தடவிப் பார்ப்பார்கள்.

இத்தனை ஆசை கொட்டிக் கிடக்கும்போது அள்ள ஒருவர் வராமல் இருப்பாரா? வந்தார். தாடி இல்லை, காவி இல்லை. கோட்டும் ஸ்லைடும் இருந்தன. அதனால் 'கோட்டு சாமி' என்று பெயர். விளையாட்டின் ஐகானை, அதாவது கைப்பேசித் திரையில் தெரியும் அந்தச் சின்னச் சதுரப் படத்தை, கண்ணிமைக்காமல் பார்ப்பாராம். தொழிலில் நடக்கப்போவதெல்லாம் அதில் தெரியுமாம். குறி சொல்கிறேன் என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அதையே ஸ்லைடில் போட்டுச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

செவ்வாய் மதியம் ஒரு மணி. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தங்கை. மனைவி அங்கே படம் வரைபவள். தங்கை பிழை பிடிப்பவள். மென்பொருளில் பிழைக்குப் பூச்சி என்று பெயர். பிடிக்கப் போய் அவளுக்கும் பூச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அஞ்சு திங்கட்கிழமை, அஞ்சு மெயில். அஞ்சும் பலிச்சிருக்கு," என்றார் முதலாளி.

"எங்ககிட்ட ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றாள் மனைவி.

"யாருக்கும் காட்டக்கூடாதுன்னு அடியிலயே போட்டிருக்கு. காட்டினா பலிக்காதாம்."

"பலிக்காதா, இல்ல அவர் மாட்டிக்குவாரா?"

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல். ஆறாவது திங்கள், அதான் நேத்து, நேர்ல வரச் சொல்லி அழைப்பே வந்தாச்சு. பெரிய கம்பெனிக்கு என்ன பதில் சொல்றதுன்னு அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்."

மெயில்களைத் தங்கையிடம் நீட்டினார். முதல் மெயிலில் மேலே அவர்களுடைய குமிழி ஐகான், கீழே ஒரே வரி: 'கார்ப் பந்தயக் கம்பெனி இந்த வாரம் விலைபோகும்.' போயிருந்தது. பூச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடி முழிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

எழுத்தில் அவள் புலி. எண்ணூறு பிழைகளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாலு பேர் முன்னால் வாயைத் திற என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிழை பிடிப்பதோடு, விளையாடுகிறவர்கள் திட்டி எழுதும் புகார்ப் பெட்டியைப் படிப்பதும் அவள் வேலை. அந்தப் பெட்டியின் முகவரியும் விளையாட்டுக் கம்பெனிகளின் சங்கக் கையேட்டில் மாமாவின், அதாவது முதலாளியின், மெயில் முகவரிக்குக் கீழே அச்சாகியிருக்கும்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் பெட்டியைத் திறந்து, ஐந்து வாரத்துக்கு முந்தைய வசவுகளுக்கு நடுவே துழாவினாள். ஒன்றை எடுத்தாள். படித்தாள். அச்செடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாமாவின் அறைக்குப் போனாள். அவர் வடிவமைப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாதிப் பேருக்குப் பச்சைப் பட்டன் அனுப்பு, பாதிப் பேருக்குச் சிவப்பு. எது எடுபடுதோ அதை வெச்சுக்கோ. எடுபடாததைத் தூக்கிடு. எப்பவும் செய்றதுதானே?"

"மாமா..."

"எழுதிக் குடும்மா. படிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். புதன், வியாழன் போயின. அது படிக்காத மெயில்களில் தொண்ணூற்று நாலாவதாகக் கிடந்தது.

வெள்ளி காலை பதினோரு மணி. வாடகைக் கூடம், குளிர்பதனம், மேடை. கீழே இருபது நாற்காலிகளில் இருபது முதலாளிகள். துணைக்கு வந்தவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். மாமாவுக்குத் துணையாக, அக்கா பிடித்துத் தள்ளியதால், பூச்சி வந்திருந்தாள்.

ஆளுக்கொரு கவர் கொடுக்கப்பட்டது. பிரிக்கும் முன் கட்டணம் கட்ட வேண்டும். எதிர்காலத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கும் பணம் மட்டும் நிகழ்காலத்தில் வேண்டியிருந்தது. மாமாவின் கவரில்: 'மறுத்துவிடு. நாற்பது நாளில் மும்மடங்கு.' மாமா உடனே கைப்பேசியில் 'விருப்பமில்லை' என்று தட்டிவிட்டு, அனுப்பும் பட்டனுக்கு மேல் கட்டைவிரலை நிறுத்தினார். பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினால் விசேஷமாம். மணி பதினொன்று முப்பத்தாறு.

கோட்டு சாமி கையை விரித்தார். "சந்தேகப்படுறவங்க இருப்பாங்க. இருக்கட்டும். இந்த அறையில யாருக்காவது, ஒரே ஒரு கணிப்பாவது தப்பா வந்திருக்கா? கை தூக்குங்க பார்ப்போம்!"

இருபது பேரின் கைகளும் மடியிலேயே கிடந்தன. பிறகு அதே கைகள் தட்டின.

சுவரோரம் ஒரு கை எழுந்தது.

"எனக்குத் தப்பா வந்துச்சு."

"யாரும்மா நீ?"

"பூச்சி," என்றாள் பதற்றத்தில். கூடம் சிரித்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. மாமாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். "சார், ஒரே ஐகானுக்கு ரெண்டு பலன் வருமா?"

"வரவே வராது! ஒரு ஐகான், ஒரு பலன். மாறினா இந்தக் கோட்டைக் கழட்டி இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

அவள் மடித்த தாளை மாமாவிடம் கொடுத்தாள். "சத்தமா படிங்க மாமா."

மாமா படித்தார். "கார்ப் பந்தயக் கம்பெனி இந்த வாரம்..." நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "விலைபோகாது."

அதே திங்கட்கிழமை. அதே நிமிடம். அதே கையெழுத்து. மேலே அதே குமிழி ஐகான்.

"இது புகார்ப் பெட்டிக்கு வந்தது மாமா. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல."

மாமா தாளையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார். "பச்சைப் பட்டன்," என்றார் மெல்ல. "சிவப்புப் பட்டன். அடப்பாவி, எங்க தொழிலை எங்ககிட்டயே காட்டிட்டியா!"

'விருப்பமில்லை' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தார். 'சரி' என்று தட்டி அனுப்பினார். விசேஷ நிமிடம் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"கணினிக் கோளாறு," என்றார் கோட்டு சாமி. அவர் கை முதல் பொத்தானில் இருந்தது. கழற்றுகிறாரா, இறுக்கிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

முன்வரிசையிலிருந்து பண்ணை விளையாட்டு முதலாளி ஒருவர் எழுந்தார். கட்டணம் கட்டியவரின் கோபம் அது. "ஒண்ணு தப்பாவே இருக்கட்டும்மா. எங்க இருபது பேருக்கும் அஞ்சுக்கு அஞ்சு பலிச்சிருக்கே? அதுக்கு என்ன சொல்ற?"

பூச்சி தரையைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது.

"சங்கத்துக் கையேட்டுல அறுநூத்தி நாப்பது முகவரி இருக்கு சார். முதல் வாரம் பாதிக்குப் 'போகும்', பாதிக்குப் 'போகாது'. பலிச்சவங்க முந்நூத்தி இருபது. அடுத்த வாரம் அவங்களுக்கு மட்டும், அதுலயும் பாதி பாதி. நூத்தி அறுபது. அப்புறம் எண்பது. அப்புறம் நாப்பது."

நிறுத்தினாள். யாரும் சொல்லாமலே எல்லோரும் திரும்பி நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார்கள்.

"மிச்சம் அறுநூத்தி இருபது முகவரிக்கும் ஏதோ ஒரு வாரம் தப்பாத்தான் போச்சு. அவங்களை இங்க கூப்பிடவே இல்லை. வந்தவங்களை மட்டும் எண்ணினா, சுண்டிவிடற காசுகூட சாமிதான் சார்."