எட்டுக் குப்பியும் இரண்டு கை ஐஸும்

காலை ஆறு மணி. கண்ணாடிக் குப்பிகள் எட்டு. உரிமையாளர் பெயர் நஸ்ரின் பானு.

புதுமடத்துப் பெண். என் நண்பர் மகள். நண்பர் கத்தாரில் இருக்கிறார். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பானு ஆராய்ச்சி செய்கிறாள். குப்பிகளில் உள்ளதைக் கலந்து ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டுமாம். அவள் முதல் நாளே மதுரைக்குப் போய் மெஷினைத் தயார் செய்வாள். மறுநாள் குப்பிகளை பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. முப்பது வருஷம் நிருபராக இருந்தவனுக்கு ஒரு பெட்டியைத் தூக்கத் தெரியாதா என்று நானே கேட்டு வாங்கிய வேலை.

"மாமா, வெயில் படக்கூடாது, குளிரும் படக்கூடாது. குளிர்ந்தா கலங்கிரும். கலங்கினா மெஷின்ல வைக்க முடியாது. இன்னைக்கு விட்டா திரும்ப முறை வர்றதுக்குள்ள என் ஸ்காலர்ஷிப் முடிஞ்சிரும்" என்று போனில் சொன்னாள்.

"உள்ள என்னதாம்மா இருக்கு?"

"எண்ணெய். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தண்ணித் துளி. ஒவ்வொரு துளியச் சுத்தியும் சோப்பு மாதிரி ஒரு தோல். துளிக்குள்ள டி.என்.ஏ.வ அடைச்சு வச்சிருக்கேன். நெருக்கடியில அது எப்படிச் சுருளுது, சூடு ஏத்தினா எவ்வளவு தாங்குதுன்னு பாக்கணும். எட்டாம் நம்பர்ல மட்டும் எண்ணெய் கிடையாது. வெறும் தண்ணியில டி.என்.ஏ. சும்மா கிடக்கும். ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

எனக்குப் புரிந்தது குளிர் ஆகாது என்பது மட்டும்.

தெர்மக்கோல் பெட்டியில் பஞ்சு வைத்துத்தான் தந்திருந்தாள். எனக்குத் திருப்தியில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையில் இரண்டு தாள் எடுத்துப் பஞ்சுக்கு மேலே நன்றாகச் சுற்றினேன். அந்தத் தாள்தான் வினை.

ராமநாதபுரத்தில் நான் ஏறிய பஸ் ராமேஸ்வரத்திலிருந்தே நிரம்பி வந்தது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"மீனுக்கு லக்கேஜ் உண்டு சார்."

"மீன் இல்லைங்க. டி.என்.ஏ."

"எந்த மீனா இருந்தாலும் லக்கேஜ்தான். பெட்டியக் கடைசி சீட்டுக்குக் கீழ தள்ளுங்க."

கடைசி சீட்டில் மாரியூர் செல்வி அக்கா தன் இரண்டு மீன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். என் பெட்டியையும் அங்கனேயே வைத்தேன். பரமக்குடியில் சிலர் இறங்க, அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். நான் நடுவில் நகர்ந்து, ஒரு கால் என்னுடையது, இன்னொன்று யாருடையது என்று தெரியாத நிலையில் நின்றேன்.

டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தார். ஒருவர்கூட விழவில்லை. விழ இடமில்லை. நெருக்கடியில் அடைபட்டது எவ்வளவு தாங்கும் என்று பானு போனில் சொன்னது அந்த ஒரு பிரேக்கில் புரிந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "யாரு பெட்டி ஒழுகுது? என் வேட்டியெல்லாம் தண்ணி" என்றார்.

என் பெட்டி. நெருக்கிக்கொண்டு பின்னால் போய்த் திறந்தேன். பத்திரிகைக்கு மேலே மலைபோல் ஐஸ்.

"யாருக்கா போட்டது?"

"நாந்தேன்" என்றார் செல்வி அக்கா. "தூக்கிப் பாத்தேன், காத்தா இருந்துச்சு. தொறந்தா பேப்பர்ல சுத்தியிருக்கு, ஒரு துண்டு ஐஸ் இல்ல. மதுர போறதுக்குள்ள நாறிப்போகுமேன்னு எம்பெட்டியில இருந்து ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. எங்கள் கரையில் பக்கத்துப் பெட்டியில் ஐஸ் குறைந்திருந்தால் கேட்காமலே போடுவார்கள். மீனை நாங்கள் சுற்றுவதும் அந்தப் பத்திரிகையில்தான்.

மேலே தெரிந்த குப்பிகள் அரிசி களைந்த தண்ணீர்போல் இருந்தன. பானுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மூடி இறுக்கமா இருக்கா மாமா?"

"இருக்கும்மா."

"அப்ப வெளிய எடுத்து ஒடம்புச் சூட்டுல வைங்க. தெளிஞ்சாலும் தெளியும். இன்ஷா அல்லாஹ்."

எனக்கு இருப்பது இரண்டு அக்குள். அக்குளுக்கு ஒன்றாக நானே வைத்துக்கொண்டேன். மிச்சம் ஆறு. பஸ்ஸில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. கண்டக்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டார். கல்லூரிப் பெண்கள் நாலு பேர் ஆளுக்கொன்றை உள்ளங்கையில் பொத்தினார்கள். கடைசிக் குப்பியை ஒரு பெரியவர் இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க சார்" என்றார் செல்வி அக்கா.

"உங்க கை ஐஸ்ல கிடந்த கைக்கா. வேணாம்."

"செய்யிறதையும் செஞ்சுட்டு சும்மா உக்காரச் சொல்றீகளே."

"பெரியவரே, சூடு மட்டும் விட்டுறாதீங்க" என்றேன்.

"எதுக்குத் தம்பி இது? முட்டு வலிக்கா?"

"ஆராய்ச்சிக்கு."

"அதான் கேக்கேன், முட்டு வலி ஆராய்ச்சியா?"

மானாமதுரையில் பாதி பஸ் காலியானது. அடுத்த பிரேக்கில் நான் விழுந்தேன். இந்தத் தடவை விழ நிறைய இடம் இருந்தது. இரண்டு கையையும் விலாவோடு ஒட்டியிருந்ததால் அடைகாக்கும் கோழிபோல் நடுவழியில் உட்கார்ந்தேன்.

"கைய ஊனி எந்திரிங்க சார்" என்றார் செல்வி அக்கா.

"ஊன முடியாதுக்கா. குப்பி இருக்கு."

கண்டக்டர் முதுகுப்பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

மாட்டுத்தாவணியில் பானு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க தைரியம் இல்லாமல் எல்லாரிடமும் வாங்கிய குப்பிகளை ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் தெளிந்திருந்தன. கண்ணாடிபோல் தெளிவு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவள், எண்ணினாள். "ஏழுதானே இருக்கு?"

பெரியவர். மானாமதுரையில் இறங்கிய கூட்டத்தில் அவரும் இருந்தார், இடுப்பில் குப்பியோடு.

பானு நம்பர்களைப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "போனது எட்டாம் நம்பர் மாமா. வெறும் தண்ணிதானே, அத இங்கனேயே கலந்துக்கிறேன். அது ஐஸ்ல கலங்கவும் கலங்காது, அதுக்குச் சூடும் தேவையில்ல."

அடைபட்டிருந்த ஏழும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. சும்மா கிடந்தது மட்டும் வழியில் இறங்கிப் போய்விட்டது. மெஷின் அவளுக்கு மாலை வரை கிடைத்தது. வேலை முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அதே கண்டக்டர் என்னைக் கூப்பிட்டுச் சட்டைப்பையிலிருந்து எட்டாவது குப்பியை எடுத்துக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் அவரிடம் கொடுக்கும்வரை மானாமதுரைப் பெரியவர் அத்தனை நாளும் அதை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லையாம். குப்பி சூடாக இருந்தது.