சுண்ணாம்புக் கோடு

அப்புசாமி உட்கார்ந்ததுதான் தாமதம், தராசுக் கயிறு பட்டென்று அறுந்தது. புளியமரத்தடியில் மனிதர் பொத்தென்று விழுந்தார்.

"மூணு நாளாக் கம்மங்கூழுத் தண்ணிதானுங்க குடிச்சேன்" என்றார், யாரும் கேட்காமலே.

"கயித்துக்கு அது தெரியலையே" என்றாள் மனைவி பாப்பாயி.

ஆடியில் அவர் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவர் எடைக்கு எடை வெல்லம் தருவதாக ஆற்றங்கரை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தான். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி அப்புசாமி முறை. வண்டியில் ஆறு கூடை வெல்லம் வந்திருந்தது. அம்மனுக்கு மூன்று, பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் கண்ணாத்தாளுக்குத் தலைப்பொங்கல் சீராக மூன்று என்பது அவர் கணக்கு. சம்பந்தி வீட்டு வாசலில் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? மூன்று நாள் பட்டினி கிடந்தது அதற்காகத்தான்.

"பக்கத்து வேலூர்ல போயி வேற தராசு வாங்கியாரட்டுங்களா?" என்றார் பூசாரி சின்னண்ணன்.

அப்புசாமி காவிரியைப் பார்த்தார். மேட்டூரில் அணை வந்து இரண்டாவது மார்கழி. ஆறு சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மூளை கொஞ்சம் அதிகம். ஊரில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"தராசு எதுக்குங்க? ஆளு ஏறுனாப் பரிசல் எவ்வளவு முங்குதோ, அதே எடை வெல்லத்துக்கும் அவ்வளவேதான் முங்கோணும். ஒரு கோடு போட்டுப் பாத்துக்கலாம். தண்ணி பொய் சொல்லாது."

பரிசல்காரன் பொன்னன் வழக்கம்போல் பரிசலுக்குள் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். அப்புசாமி ஏறிச் சம்மணமிட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கனம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்ற பூசாரி, நீர்மட்டத்தை ஒட்டிப் பரிசலின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

பரிசலைக் காலி செய்து வெல்லத்தை ஏற்றினார்கள். பொன்னனே தண்ணீரில் நின்று கூடை கூடையாகத் தூக்கி வைத்தான். மூன்று கூடை ஏறியது. கோடு தண்ணீருக்கு மேலேயே நின்றது. நான்காவதும் போயிற்று. ஐந்தாவது கூடைக்குத்தான் தண்ணீர் கோட்டைத் தொட்டது.

"அஞ்சு கூடையா? இது ஆரு எடைங்க?" என்றார் அப்புசாமி.

"கம்மங்கூழு உடம்புல ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது" என்றாள் பாப்பாயி.

"அதெல்லாம் இல்ல. பரிசல் ஆடிருச்சு. சாஞ்ச பக்கத்துல கோடு போட்டுட்டாங்க. மறுக்காப் பாக்கோணும்."

வெல்லம் இறங்கியது. பொன்னன் பழையபடி துடுப்போடு ஏறிக்கொண்டான். ஆடாமல் இருக்கப் பொன்னனின் தம்பி சின்னானையும் எதிர்ப்பக்கம் ஏறச் சொல்லிவிட்டு, அப்புசாமி தன் கனத்தைக் குறைக்கத் தொடங்கினார். தலைப்பாகை போனது. தோள்துண்டு போனது. வெள்ளி அரைஞாணைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பிவிட்டு ஏறினார்.

பரிசல் இம்மியும் அசையவில்லை. புதுக்கோடு பழைய கோட்டுக்கு இரண்டு விரல் மேலே விழுந்தது.

அப்புசாமி குனிந்து இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அரைஞாணைக் கழற்றினால் கனம் கூடுமா?

ஆறு கூடையும் ஏறின. கோடு இன்னும் நனையவில்லை. "இன்னொருக்கா ஏறிப் பாக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"பேசாம இருங்க. ஏற ஏற எச்சாகிட்டே போறீங்க" என்றாள் பாப்பாயி. "ஆத்தாகிட்டப் பேரம் பேசப்படாது."

வீட்டுச் செலவுக்கு ஒதுக்கியிருந்த ஏழாவது கூடையும் வந்து சேர்ந்தது. கோடு நனைந்தது. வெல்லம் முழுக்கச் சன்னதிக்குப் போயிற்று. பூசாரி கற்பூரம் காட்டி, "ஆத்தா வாங்கிக்கிட்டா" என்றார். வாங்கியதை அவள் திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"கண்ணாத்தா மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார் அப்புசாமி. பாப்பாயிக்கும் அப்போது கேலி வரவில்லை. பூசாரி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத் தட்டோடு திரும்பினார்.

வேட்டியில் ஈரம் சொட்டச் சொட்ட, பொன்னன் தம்பியையும் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"எங்க ரண்டு பேருக்கும் துண்ணூறு குடுங்க, பூசாரியாரே. எடைக்கு நாங்களுந்தானுங்களே உக்காந்திருந்தோம்."