வாளி கேட்ட மின்சுருட்டு

இனிமேல் சுருட்டைத் தொடுவதில்லை என்று அபெலார்தோ சபதம் எடுத்தார். சபதத்தின் வாசகத்தை அமைத்தவள் அவர் மனைவி நூரிஸ். திருப்பிச் சொன்னது மட்டும்தான் அவர்.

தம்போரில் என்பது சுருட்டுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரன் சுருட்டை விடுவது, கடலோரத்துக்காரன் உப்பை விடுவது மாதிரி. மூச்சு விட்டாலே கொஞ்சம் உள்ளே போய்விடும். அதிலும் அபெலார்தோ, சுருட்டுத் தொழிற்சாலையில் இலைகளை நிறம் பிரித்தே தலை நரைத்தவர். மற்றவர்களுக்குப் பழுப்பு என்பது ஒரு நிறம். அவருக்கு அது ஒரு குடும்பம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒதுக்கி வைத்த ஒன்றுவிட்ட சித்தப்பா உட்பட எல்லாரும் அதில் உண்டு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நூரிஸ் வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அபெலார்தோ வராந்தாவில் ஆடும் நாற்காலி வைத்திருந்தார். நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. சனிக்கிழமை காலையெல்லாம் உட்கார்ந்து, உருளை சுற்றி, டிரையருக்குள் தலையை விட்டு வெந்து, சீவிச் சிங்காரித்துக்கொண்டு போகிற பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டியிட்டால் தலையிலிருந்து சுருட்டு வாசனை வந்தது. பாதிரியார் ஒரு பெண்ணைப் பார்த்து, "நீயுமா மகளே?" என்று கேட்டுவிட்டாராம்.

நூரிஸ் அன்றைக்கே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ஆடும் நாற்காலியைச் சுற்றி நீளம் பார்த்தாள். அகலம் பார்த்தாள்.

"என்ன அளக்கறே?"

"இன்னொரு டிரையர் வாங்கலாம்னு இருக்கேன். இங்க சரியா உட்காரும்."

"நான் எங்க உட்கார்றது?"

"கொல்லையில. கோழிங்களுக்குப் புகை பிடிக்குமான்னு கேட்டுக்குங்க."

ஆகவே சபதம். இன்னொரு தடவை சுருட்டு வாசனை வந்தால் நாற்காலி கொல்லைக்குப் போகும். அந்த இடத்தில் டிரையர் வரும். வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். கொல்லையிலிருந்து பார்த்தால் கோழி தெரியும். மனித வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சரிவு அபெலார்தோவுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் நியூயார்க்கிலிருந்து நூரிஸின் தம்பி வில்கின் ஒரு பெட்டி அனுப்பினான்.

பெட்டிக்குள் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு பட்டுப் பை. பைக்குள், தோல் சட்டை போட்ட கறுப்பு உலோகம் ஒன்று. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி கனமாக, குளிர்ச்சியாக உள்ளங்கையில் உட்கார்ந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடித் திரை. அபெலார்தோ அதை முன்னும் பின்னும் திருப்பினார். எது முன், எது பின் என்று தெரியாததால் முன்னும் முன்னும்தான் திருப்பினாரோ என்னவோ. மோந்து பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார்.

நூரிஸின் போனில் வில்கினின் முகம் வந்தது.

"அத்தான், இது மின்சுருட்டு. சாதாரணப் பொருள் இல்ல. இங்க பெரிய பெரிய ஆளுங்க கையில இருக்கு."

"பெரிய ஆளுங்கன்னா?"

"பேங்க்ல இருக்கறவங்க."

"அவங்களுக்குப் புகையிலையைப் பத்தி என்ன தெரியும்? சரி, இதை எந்தப் பக்கம் பத்த வைக்கிறது?"

"பத்த வைக்க வேணாம். இழுத்தாப் போதும்."

"சாம்பல்?"

"வராது."

"கடைசித் துண்டு?"

"கிடையாது அத்தான்."

"அப்போ முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

வில்கின் யோசித்தான். நியூயார்க்கில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை.

"அது முடியாது அத்தான். நாமளா நிறுத்தணும்."

"நாமளா நிறுத்தறதா? அப்படி நிறுத்தத் தெரிஞ்சவனுக்கு இந்தச் சாமான் எதுக்கு?"

நூரிஸ் நடுவில் புகுந்தாள். "இதைத் தொடங்கி வைக்க நல்ல போன் வேணுமாம். உங்க போன் பேசறதுக்குத்தான் ஆகும். கொடுங்க, என் போன்ல போட்டுத் தர்றேன்."

அபெலார்தோ கொடுத்தார். நன்றியும் சொன்னார். நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நன்றி சொன்ன மன்னர்கள் சரித்திரத்தில் உண்டு. கையெழுத்துப் போடும்போது அவர்கள் முகமும் இப்படித்தான் மலர்ந்திருக்க வேண்டும்.

போனும் கையுமாக நூரிஸ் அடுக்களைக்குப் போனாள். அக்காளும் தம்பியும் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு நூரிஸ் சாதனத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ம், இழுங்க."

இழுத்தார். தொண்டையில் ஏதோ வந்துபோன மாதிரி இருந்தது. வந்தது யார் என்று தெரியவில்லை. வெள்ளையாக ஒரு மேகம் வெளியே வந்து, ஒரு கணம் தயங்கி, காணாமல் போயிற்று.

"எப்படி இருக்கு?"

"புகையிலையைப் பத்தி யாரோ சொல்லக் கேட்ட பிஸ்கோத்து மாதிரி இருக்கு."

ஆனால் வாசனை ஜன்னல் தாண்டவில்லை. நாற்காலி வராந்தாவிலேயே இருந்தது. அபெலார்தோ ஆடிக்கொண்டே இழுத்தார். அவ்வப்போது பழக்க தோஷத்தில் சாதனத்தைச் சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினார். அது சுருங்கவே இல்லை. எப்போது எழுந்திருப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. காப்பி நேரம் போயிற்று. மசித்த வாழைக்காய் ஆறி அவலாயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சாதனம் செத்துப்போயிற்று.

செத்தது என்றும் சொல்ல முடியாது. திரை எரிந்தது. அதில் ஒரு சின்னப் படம் தெரிந்தது. அபெலார்தோ கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தார். கீழே ஒரு பாத்திரம். மேலே வளைவாக ஒரு கைப்பிடி.

வாளி!

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தண்ணீர் கேட்கிறது. ஏன் கேட்காது? காய்ந்த இலையை எவனாவது சுருட்ட முடியுமா? தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க அவர் கற்ற பாடமே அதுதானே? இலைக்குப் பதம் வேண்டும். பதம் போனால் எல்லாம் போயிற்று.

தன் தேவதாருச் சுருட்டுப் பெட்டியில் ஈர ஸ்பாஞ்சு வைத்து, சாதனத்தை அதன்மேல் படுக்கப் போட்டார். கொஞ்சம் கழித்து எடுத்துப் பார்த்தார். வாளி போகவில்லை.

"நூரிஸ், இது ஈரம் கேக்குது."

நூரிஸ் ஒருத்தி தலையில் உருளை சுற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது.

"எது?"

"மின்சுருட்டு. வாளிப் படம் காட்டுது பாரு. பெட்டியில வச்சும் பத்தலை. காத்துலயே ஈரம் இருக்கணும் போல. நம்ம தொழிற்சாலையில தரையில தண்ணி தெளிப்போமே, அது மாதிரி."

நூரிஸ் வாயில் கொண்டை ஊசி இருந்ததால் சற்றுத் தாமதமாகப் பேசினாள்.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான் புகையிலை ஆளு."

அபெலார்தோ வராந்தாவைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். அப்படியே முன்னறையையும் துடைத்தார், காற்று ஒன்றுதானே. நாற்காலிக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். வாளி இல்லை. இழுத்தார். பிஸ்கோத்து வந்தது.

அன்று சாயந்திரம் மூலைக்கடை வாசலில் டோமினோக் கட்டை ஆடும்போது தன் கோட்பாட்டை அவர் நண்பர் தூலியோவிடம் விளக்கினார்.

"யோவ், இரும்புக்கு எதுக்குய்யா தண்ணி? துருப் பிடிச்சுரும்."

"இரும்பு வெளியில மச்சான். உள்ள இருக்கறது புகையிலையோட சாரம். சாரத்துக்கும் பதம் உண்டு. செஞ்சவனுக்கே இது தெரிஞ்சிருக்காது."

"செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்கெப்படித் தெரியும்?"

"நான் பரிசோதனை பண்ணிப் பார்த்தேன்."

உண்மைதான். விஞ்ஞானிக்குரிய பொறுமையோடு பரிசோதித்தார். பார்லர் துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டார், வாளி மறைந்தது. கொல்லையைக் கழுவினார், மறைந்தது. செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார், மறைந்தது. ஒருநாள் சோதனைக்காக, உலர்ந்த வேலை ஒன்றும் செய்து பார்த்தார். கூரை ஓட்டை அடைத்தார். அதற்கும் மறைந்தது. அது கொஞ்சம் குழப்பியது. அன்று வானம் மூட்டமாக இருந்ததை நினைவுபடுத்திக்கொண்டு சமாதானமானார்.

மழை கொட்டிய ஒருநாள் மட்டும் வாளி போகவே இல்லை. நாள் முழுக்க இருந்தது. நனைந்த ஊரில் உட்கார்ந்து அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், மழைத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் ஆகாது என்று முடிவு கட்டி, அலமாரியில் இருந்த தட்டு முட்டுகளை எல்லாம் எடுத்து விளக்கினார். மறைந்தது.

பார்லர் பளபளத்தது. துண்டுகள் வெண்மேகமாக ஆடின. வாடிக்கைக்காரிகள் அபெலார்தோவைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். முன்பெல்லாம் மூக்கைப் பொத்தியவர்கள்! புதிய நாகரிகப் பொருளின் கம்பீரம் தன்மேல் படிந்திருப்பதாக அவர் நினைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வாசற்படியை மாப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டிரையருக்குள் தூலியோவின் மனைவி மிரேயா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தலை நிறைய உருளையோடு இன்னொரு வாடிக்கைக்காரி தீக்னா. டிரையருக்குள் தலை இருப்பவளுக்குத் தன் குரலே கேட்காது. அதனால் ரகசியத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்ல முடியும்.

"நூரிஸ்! போனைக் கொண்டா! போன வாரம் தீக்னா பூட்டினா! இந்த வாரம் என் முறை!"

"மெதுவாப் பேசு," என்று போனை அவள் கையில் திணித்தாள் நூரிஸ்.

"என்னது? கேக்கலை! வாசலை முடிச்சுட்டாரு, பார்த்தேன்! ஜன்னல் கம்பி பாக்கி! பூட்டிரட்டுமா?"

அபெலார்தோ சட்டைப்பையிலிருந்து சாதனத்தை எடுத்தார். கண்ணெதிரே வாளி வந்தது.

மாப்பை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஈட்டியோடு வருவதாக நினைப்பு. நுனியில் தண்ணீர் சொட்டியது.

"நூரிஸ்! இது என்ன?"

"மாப்புங்க."

"இது!" சாதனத்தை நீட்டினார். "இந்த வாளி!"

"வாளி இல்லீங்க, பூட்டு. கண்ணாடி போட்டுப் பாருங்க."

யாரோ ஒருத்தி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு பார்த்தார். பூட்டு. சாவித்துவாரம்கூட இருந்தது.

"அப்போ ஈரப்பதம்?"

"அதை நான் சொன்னேனா? நீங்க அன்னிக்குக் காப்பியும் குடிக்காம, சோறும் திங்காம விடாம இழுத்துக்கிட்டே இருந்தீங்க. போன்லயே கொஞ்ச நேரம் பூட்டி வை அக்கான்னு தம்பி சொன்னான், பூட்டினேன். நீங்களா தண்ணி கேக்குதுன்னீங்க. நீங்களா துடைச்சீங்க. துடைச்சவர் பாவம்னு திறந்து விட்டேன். இதுல என் தப்பு எங்க இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று அபெலார்தோ தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. நியாயம் மொத்தமும் அவள் பக்கமிருக்க, ஏமாற்றம் மொத்தமும் தன் பக்கம் எப்படி வந்தது?

"மழை பெய்ஞ்ச அன்னிக்கு?"

"அன்னிக்குப் போனை மறந்து பக்கத்து வீட்டுல வச்சுட்டேன். சாயந்திரம்தான் கைக்கு வந்துச்சு."

"ஊரே சேர்ந்து முறை போட்டுப் பூட்டியிருக்கீங்க!"

"எல்லாருக்கும் ஆசையா இருந்துச்சுங்க. அவளுக வீட்டுல பூட்டறதுக்கு என்ன இருக்கு?"

டிரையரிலிருந்து தலையை வெளியே எடுத்து மிரேயா கத்தினாள்: "எங்க வீட்டுக்கும் ஒண்ணு சொல்லிவிட்டிருக்கேன்!"

அபெலார்தோ மார்பை நிமிர்த்தினார். "இப்பவே பூட்டைத் திற. நிரந்தரமா. இல்லேன்னா வராந்தாவுல உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பத்த வைப்பேன். பெரிய சுருட்டு!"

"பத்த வைங்களேன்," என்றாள் நூரிஸ் அன்பாக. "தீக்னா, அந்த அளவு நாடா எங்க இருக்கு பாரு."

மார்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் நகரவில்லை. நின்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். நூரிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பளபளத்தது. அப்புறம் போனை எடுத்து, அவர் கண்முன்னாலேயே விரலால் தொட்டாள்.

"திறந்தாச்சு. பூட்டையே எடுத்தாச்சு. இனிமே அது தேவையில்லை."

அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததே இல்லை. வெற்றி! மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு வராந்தாவுக்குப் போனார். நாற்காலியில் சாய்ந்தார். தெரு முழுக்கத் தெரிந்தது. யார் தயவும் இல்லாமல், நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

ஏதோ சரியில்லை.

இன்னொரு தடவை இழுத்தார். தொண்டையில் வறட்டென்று இறங்கியது. பிஸ்கோத்து நமத்துப்போகாமல், காய்ந்துபோய், தூளாக இருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. துடைத்த தரை அதற்குள் உலர்ந்துவிட்டது.

பூட்டு வேறு, பதம் வேறு. பூட்டு அவள் வேலையாக இருக்கலாம். அதற்காக இலையின் சுபாவம் மாறிவிடுமா? ஆயுள் முழுக்கப் புகையிலையோடு வாழ்ந்தவருக்குத் தெரியாதா?

உள்ளே யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம் விட்டார். சத்தமில்லாமல் எழுந்தார். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வராந்தாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து நூரிஸின் குரல் வந்தது.

"நாற்காலிக்குப் பின்னாலயும் துடைச்சிருங்க. அங்கதான் ரொம்பக் காஞ்சு கிடக்கு."