மந்தி கிடைக்கும்

காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கடைக்குள் நுழைந்தபோது யாஹ்யா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வனத்துறை. மந்தி எங்க?"

"ரெடியா இருக்குது சார். ஃபுல்லா, ஹாஃபா?"

பெரியவர் திகைத்துப் போனார். சின்னவர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். சோற்றின் மேல் ஒரு கோழிக்கால் சாதுவாகப் படுத்திருந்தது.

"யோவ், பொண் கொரங்குக்குத்தான் மந்தின்னு பேரு. 'சுடச்சுட மந்தி கிடைக்கும்'னு போர்டு வெச்சா ஜனம் போன் பண்ணாம இன்னா பண்ணும்?"

"அரபுப் பேரு சார். கோழியும் சோறும்தான்."

"மொதல்ல போர்டை மாத்து."

சவூதியில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவன் யாஹ்யா. அங்கே ஒரு வீட்டு விசேஷத்தில் ஆக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட சமையல் இது. இனி மனைவியையும் மகளையும் விட்டுப் போவதில்லை என்று சொந்த ஊரான கோட்டக்குப்பத்துக்கே திரும்பி வந்து, திண்டிவனத்தில் கடை போட்டிருந்தான். திறந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் விசா ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்து நலம் விசாரித்துவிட்டான்.

"இங்கிலீஷ்ல எம்-ஏ-என்-டி-ஐதானே? மண்டின்னே எழுதிடுங்க" என்றாள் மனைவி ஷமீம்.

பெயிண்டர் சீனுவாசன் வந்து 'அரேபியன் மண்டி' என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த பூவரசன் என்ற விவசாயி, கேட்காமலேயே நிலக்கடலை மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்.

"மல்லாட்டை இன்னிக்கி இன்னா ரேட்டு போறீங்க பாய்?"

"இது சாப்பாட்டுக் கடைங்க!"

"மண்டின்னு போர்டு போட்டுக்கினு சாப்பாட்டுக் கடைன்றீங்க? அரபு நாட்டுக்கு ஏத்துமதி பண்றீங்கன்னு எங்க ஊரு பூரா சொல்லிட்டு வந்துட்டேனே!"

பதினோரு மணிக்குள் இன்னும் மூன்று வண்டிகள் வந்துவிட்டன. மூட்டைகளைத் தாண்டி உள்ளே வர முடியாமல், சாப்பிட வந்தவர்கள் எதிர்க்கடை இட்லிக்குப் போய்விட்டார்கள்.

"பேஜாரா போச்சு. ஜல்தி மாத்துங்க" என்று யாஹ்யா பெயிண்டரைப் பிடித்து இழுத்து வந்தான்.

சீனுவாசன் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "பழைய எழுத்துக்கே போயி ஒரு கால் போட்டுடலாம் பாய். மாந்தி. கொரங்கும் இல்ல, கமிஷன் கடையும் இல்ல."

அதற்கப்புறம் வனத்துறையும் வரவில்லை, மல்லாட்டையும் வரவில்லை, மனிதர்களும் வரவில்லை. போர்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். மாலையில் பக்கத்துப் பூக்கடை அம்சவள்ளிதான் விஷயத்தைச் சொன்னாள்.

"மாந்தின்னா சனீஸ்வரன் புள்ள பாய். ஜாதகத்துல அந்தப் பேரைக் கேட்டாலே எங்க வூட்டுக்காரரு பரிகாரத்துக்குக் கெளம்பிடுவாரு. அதைப் போயி எவனாவது துட்டு குடுத்துத் துன்னுவானா?"

யாஹ்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான். ஷமீம் போனைப் பிடுங்கி அணைத்தாள். ஈரத்துணியை எடுத்து வந்து, காயாத பெயிண்டைத் தானே துடைத்தாள்.

"பேரே வேணாங்க. அண்டாவைக் கொண்டாந்து வாசல்ல வெச்சித் தொறங்க."

திறந்தான். வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. அம்சவள்ளி முதல் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இறக்கின மூட்டைகளைத் திரும்ப ஏற்ற வந்த பூவரசன் ஐந்து பார்சல் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வாரத்தில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது.

பேரில்லாததற்கு ஜனங்களே ஒரு பேரும் வைத்துவிட்டார்கள்.

"பாய், கொரங்குச் சோறு ரெண்டு!"

"சாருக்குக் கொரங்கு ஹாஃப், காரம் கம்மியா!"

அந்த 'சார்', அன்றைக்கு மந்தியைத் தேடி வந்த வனத்துறைப் பெரியவர்தான். யாஹ்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எவனுக்குப் பயம்? சீனுவாசனைக் கூப்பிட்டு, ஒரு முழ உயர எழுத்தில் 'அரபு நாட்டு அசல் மந்தி' என்று எழுதச் சொன்னான்.

அன்று மதியம் முகம்மது கவுஸ் வந்தான். யாஹ்யாவின் பால்ய நண்பன். ரியாத்தில் பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரன். லீவில் ஊருக்கு வந்தவன், நண்பன் கடையைப் பார்க்க நேரே இங்கே வந்திருந்தான்.

ஒரு முழுத் தட்டையும் காலி செய்தான். யாஹ்யா, ஷமீம், ஏணியில் நின்ற சீனுவாசன் மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ருசி அமர்க்களம்டா" என்றான் கவுஸ். "ஆனா இது மந்தி இல்ல. மந்திக்குக் கறியைத் தனியா அடுப்புக் குழியில எறக்கணும். இப்டித் தக்காளி போட்டுக் கறியும் அரிசியும் ஒண்ணா ஆக்குனா, அதுக்கு அங்க பேரே வேற."

யாஹ்யா கரண்டியைக் கீழே வைத்தான். "அப்போ இத்தினி நாளா இந்த ஊருக்கு நான் போட்டுக்கினு இருக்கறது இன்னாடா?"

கவுஸ் கடைசி விரலையும் சப்பி முடித்துவிட்டுச் சொன்னான்:

"சுத்தமான கப்ஸா."