ஏழரை மணிப் பத்தியம்

காலைப் பத்தியக்காரர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். காணாமல் கடந்துபோக அவர் விடமாட்டார்.

திருநெல்வேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் சிமியோனைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, உப்பையும் பொட்டாசியத்தையும் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, தினமும் ஏழரை மணிக்கு வீதியைப் பார்த்தபடி விறாந்தையில் கதிரையைப் போட்டு, மடியில் துவாயை விரித்து, மனைவி யசிந்தா அளந்து ஊற்றிய அரைக் கோப்பைப் பாலில் ஒரு பிடி கோன்பிளேக்ஸை நனைத்து, கரண்டிக்கொரு பெருமூச்சு விட்டுச் சாப்பிடுவார். வாழைப்பழம் இல்லை, முந்திரிகை வற்றல் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை என்று, துறந்தவற்றின் பட்டியலை வாசல் படலையடியில் நிற்பவர்களுக்கெல்லாம் ஒப்புவிப்பார். பால்காரர் தப்ப முடியுமா? பக்கத்து வீட்டார் இட்டலி சாப்பிடுவதைக் கண்டால், தாம் அதையெல்லாம் விட்டு இரண்டு வருடம் என்பார். இட்டலி அவர்களின் தொண்டையிலேயே நின்றுவிடும்.

எட்டரைக்குப் பத்தியம் முடிந்துவிடும்.

மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போவார். சந்தையடியில் பார்த்தீபனின் தேநீர்க்கடை. அங்கே சம்பலோடு நான்கு உழுந்து வடை, பிறகு இளநீர். களவாகவா? சீச்சீ. விடிந்ததும் அவ்வளவு தியாகம் செய்த மனிதர் எட்டரைக்குப் பிறகும் தியாகியாக இருக்க வேண்டுமா? வடை வெறும் உழுந்து. இளநீர், பொட்டாசியம் எவ்வளவு இருந்தாலும், வெறும் தண்ணீர்.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறும்போதெல்லாம் கோன்பிளேக்ஸ்தான் குற்றவாளி. யசிந்தா வேறு பெட்டி வாங்கினார், பாலைக் குறைத்தார், கிழங்கை இரண்டு தரம் அவித்து நீரை வடித்தார், கடைசியில் தன் கைப்பக்குவத்தில்தான் பிழையோ என்று அழுதார். சிமியோன் அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

போன பங்குனியில் ஒருநாள் தேநீர்க்கடை வாங்குப் பலகையிலிருந்து எழும்பக் கால்கள் வரவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பார்த்தீபன் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். செய்தி கேட்டு யசிந்தாவும் ஓடிவந்தார். இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவுக்குப் பொட்டாசியம் ஏறியிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் கேட்க, கோன்பிளேக்ஸ் மட்டும்தான் என்றார் சிமியோன், அந்த நிலையிலும் ஒரு பெருமூச்சோடு.

பார்த்தீபன் நல்லவன். பொய் சொல்லத் தெரியாதவன்.

"மூண்டு வடையும் ஒரு இளநியும் டொக்டர். இண்டைக்கு ஐயா கொஞ்சம் குறைவு."

யசிந்தா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, தனியப் பத்தியம் இருக்க உங்களுக்குக் கவலையாயிருக்கும் எண்டு நானும் ரெண்டு வருசமா உப்பில்லாமல் சாப்பிடுறன். அது ஆருக்காக?"

சிமியோன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஆறு நாளில் வீடு வந்தார். இப்போது கோன்பிளேக்ஸைக் குசினிக்குள், மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, பேசாமல் சாப்பிடுகிறார். சந்தைக்குப் போவது யசிந்தா. பத்தியக்கார இனத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஆனால் இனம் அழியாது. உங்களுக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது, மிகவும் சந்தோஷம். போன கிழமை போன வீட்டில், உங்கள் தேநீருக்குச் சீனியே போட வேண்டாம் என்று குசினிவரை கேட்கும்படி சொன்னீர்களே, பக்கத்தில் வைத்த தொதல் இனிப்பில் எத்தனை துண்டு எடுத்தீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த வீட்டுக்காரி எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.