மூக்கில் போன முத்து

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. பேசினால் என்ன ஆகும் என்று ஒரு நாள் பார்த்துவிட்டேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். நான் குளியாளி. கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற வேலை. ஆழத்தில் ஒரு நாள் காது உடைந்துவிட்டது. ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். மனைவி ரெஜினா மீன் விற்கச் சந்தைக்குப் போவாள். மகள் பிலோமினா என் பொறுப்பு. அவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை.

கடலுக்கடியில் மூச்சடக்கிவிடலாம். ஒரு பிள்ளையைப் பகல் முழுக்க அழாமல் வைத்திருப்பது கஷ்டம். விளையாட்டுச் சாமான் வாங்க வழியில்லை. நானே செய்தேன். நசுங்கிய அலுமினியச் சட்டி ஒன்று. அதில் சலித்த கடல் மணல். மணலுக்குள் சிப்பி ஓடு, தேங்காய் நார், வலைத் துண்டு எல்லாம் புதைத்து வைப்பேன். அப்புறம் ஒரு பால் டப்பா நிறையப் புளியமுத்து. (புளியங்கொட்டையை எங்கள் பக்கம் புளியமுத்து என்போம். வீட்டில் வெறும் முத்து. இதை மறந்துவிடாதீர்கள். அன்று நான் மறந்துவிட்டேன்.)

அவள் கண்ணை மூடிக்கொண்டு மணலுக்குள் துழாவ வேண்டும். நார் அகப்பட்டால் ‘குத்துது’ என்பாள். முத்து அகப்பட்டால் ‘வழவழ’ என்பாள். இன்னொரு விளையாட்டும் உண்டு. நான் ‘மூச்சு’ என்றால் அவள் காற்றை இழுத்துக் கன்னத்தை உப்பி நிற்க வேண்டும். குளியாளியின் பிள்ளைக்கு வேறு என்ன சொல்லிக்கொடுப்பது? என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை.

அன்று மணல் உதிராமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்திருந்தேன். முத்தும் ஊறியிருக்கும். அது என் புத்தியில் ஏறவில்லை. பீடி பற்றவைத்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளையின் ஒரு பக்க மூக்கு புடைத்திருந்தது.

“வழவழ” என்றாள், மூக்கைக் காட்டி.

“மூச்சை விடுளா” என்றேன்.

அவள் காதில் விழுந்தது ‘மூச்சு’ மட்டும். சொல்லிக்கொடுத்தபடியே பலமாக இழுத்தாள். முத்து கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறிவிட்டது.

கொண்டை ஊசியை எடுத்தேன். நெம்பினால் இன்னும் உள்ளே போகும். வைத்துவிட்டேன். ஊறிய முத்து இன்னும் உப்பும். வழுக்கித் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்தால் முடிந்தது. மூச்சு முட்டிப் போனவர்களைக் கடலிலிருந்து தூக்கியிருக்கிறேன். அந்த முகம் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சவேரியம்மா அக்காவைக் கூப்பிட்டேன்.

“யக்கா, பிள்ள மூக்குல முத்து போயிட்டு.”

காதில் பஞ்சு இருப்பவனுக்குத் தன் சத்தம் தெரியாது. தெருவே கேட்டிருக்கிறது. அக்கா வந்தாள். பின்னால் தெரு வந்தது. அதற்கும் பின்னால் சம்மாட்டி வந்தார். நான் சங்கு குளிக்கப் போகிற படகு அவருடையது. என் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டார்.

“ஏலே மிக்கேலு, எம்புட்டுப் பெருசு?”

“என் பெருவெரல் நகம் இருக்கும் அண்ணாச்சி.”

கூட்டம் மூச்சடக்கியது.

“எங்கன எடுத்த?”

“வீட்டுலதான். கொஞ்சங் கொஞ்சமாச் சேத்தேன்.”

“இது ஒண்ணுதானா?”

“ஒரு டப்பா கெடக்கு. பிள்ள வெளையாடத்தான்.”

சம்மாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எம் படகுல போயி, எனக்குத் தெரியாம, ஒரு டப்பா” என்றார்.

எனக்கு அது பாதிதான் கேட்டது. கேட்டதும் விளங்கவில்லை. அதற்குள் எல்லாக் கையும் மணல் சட்டிக்குள் போய்விட்டது. குறுக்கே வந்த புளியமுத்தை எல்லாம் அள்ளி வாசலில் எறிந்துவிட்டு முத்தைத் தேடினார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். “ஆசுபத்திரிக்குப் போவணும். வழி விடுங்க.”

“முத்து வெளிய வராம நீ எங்கன போற?” என்று வாசலை மறித்தான் ஒருவன்.

பிள்ளை தேம்பியது. ஒவ்வொரு தேம்பலுக்கும் காற்று உள்ளே போனது. உதடு கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மறிப்பவனை அடிக்க ஒரு கை வேண்டும். என் இரண்டு கையிலும் பிள்ளை.

அப்போது ரெஜினா வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் மீன் கூடையைக் கீழே போட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்டாள்.

“எந்தப் பக்கம்ளா?”

பிள்ளை காட்டியது. மற்ற பக்கத்தை விரலால் அடைத்தாள். பிள்ளையின் வாயோடு வாய் வைத்து, அடுப்பு ஊதுவதுபோல ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊதினாள்.

முத்து தெறித்துப் போய்ச் சம்மாட்டியின் நெற்றியில் ஒட்டியது.

பிள்ளை வாய்விட்டு அழுதது. அந்தச் சத்தம் பஞ்சைத் தாண்டி எனக்குக் கேட்டது. நானும் சம்மாட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நெற்றியிலிருந்து எடுத்ததை வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டிப் பார்த்தார்.

“ஏலே, இது புளியமுத்துல்லா.”

“ஆமா அண்ணாச்சி. பின்ன என்ன முத்து?”

மணல் சட்டிக்குள் இருந்த கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரெஜினா சிதறிய மீனைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “டப்பா நெறைய முத்து இருந்தா நான் எதுக்குச் சாளை விக்கப் போறேன்?”

அன்றோடு பிலோமினா என்ற பெயர் போயிற்று. தெருவில் அவள் மூக்குமுத்து. எங்கள் வீட்டில் இன்றும் கொட்டை எடுத்த புளிதான் வாங்குகிறோம்.

அவளுக்குக் கல்யாணம் பேசியபோது, வழக்கப்படி சாமியார் கோவிலில் ஓலை வாசித்தார். மிக்கேல் மகள் பிலோமினாவுக்கு இன்னாரோடு திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பிலோமினா யாரென்று சபைக்குப் பிடிபடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து சம்மாட்டி தடி ஊன்றி எழுந்தார்.

“நம்ம மூக்குமுத்துதான சாமி? தடை ஒண்ணும் இல்ல. அடைப்ப அவ அம்மை அன்னைக்கே ஊதி எடுத்துட்டா.”

கோவில் முழுக்கச் சிரித்ததாம். என் காது அதற்குள் முழுசாகப் போயிருந்தது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்களே என்று எழுந்து நின்று கும்பிட்டேன்.