பார்லிமென் மாமா இறக்கிய கொடி

மற்ற நாடுகளுக்கு ஒரு நாடாளுமன்றம்தான். எங்கள் நாட்டுக்கு இரண்டு. ஒன்று கோலாலம்பூரில், மற்றது மலாக்காவின் செங் பகுதியில், பார்லிமென் மாமா வீட்டு வாசலில்.

மாமா தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியில் நாடாளுமன்றக் கூட்டம் ஓடினால் சத்தத்தை அடைத்துவிட்டுக் கொடிகளை மட்டும் பார்ப்பார். "பேசுறவன் மாறுவான்லா, கொடி மாறாது" என்பார். அங்கே இருப்பதுபோலவே வாசலில் பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, நடுவில் தேசியக் கொடி, இருபுறமும் மாநிலக் கொடிகள் பறக்கவிட்டிருந்தார்.

அதைப் பார்த்து, 'வைபி' என்று அழைக்கப்படும் மக்கள் பிரதிநிதியின் சேவை மையம் என்று ஏமாந்து வந்தவர்கள் உண்டு. மஸ்ஜித் தானா என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா, வீட்டுக் கால்வாய் அடைத்துக்கொண்டதென்று வந்து நின்றார். மாமா தேநீர் கொடுத்து, மண்வெட்டியோடு அவர் காரிலேயே ஏறிப் போய் அடைப்பை எடுத்துவிட்டு வந்தார்.

"நெசமான வைபியே இப்படிப் போகமாட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார் மாமாவின் மனைவி லெட்சுமி அத்தை.

அத்தை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய ஆளில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு, குடியுரிமை தரும் நீல அட்டைக்கு விண்ணப்பித்தே தலை நரைத்தது.

"நீலக் கார்டு வரட்டும், கோலாலம்பூர் போயி அந்தக் கொடிக்குக் கீழ போட்டோ எடுப்போம். அதுவரைக்கும் இங்க நின்னு பழகிக்க" என்பார் மாமா.

"பழகிப் பழகி காலு வலிக்குதுங்க."

ஓர் ஆகஸ்டில் அத்தை மருத்துவமனையிலேயே கண்ணை மூடினார். அட்டை வரவில்லை. வீடு திரும்பிய மாமா, யாரிடமும் விஷயத்தைச் சொல்லாமல் கொடிகளை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்.

சுதந்திர மாதம், எல்லா வீட்டிலும் கொடி. கொடி விஷயத்தில் மாமா தவறமாட்டார் என்று எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் டின்னும் தன் கொடியை இறக்கினார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. மதியத்துக்குள் தெருவே அரைக்கம்பம்.

"மாமா, எந்தத் தலைவர் இறந்துபோனது? செய்தியில ஒண்ணும் வரலையே" என்றேன்.

"உங்க அத்தைதான்லா."

பாக் டின்னிடம் போய்ச் சொன்னேன். கொடியை மறுபடி ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ உள்ளே போய், மரியாதைக்கு அணியும் சொங்கோக் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று எந்த வீட்டிலும் கொடி மேலே ஏறவில்லை.

இப்போது மாமாவும் இல்லை. இந்த ஆகஸ்டில் எங்கள் வீட்டுக் கொடியை ஏற்றும்போது பாதிக் கம்பத்தில் சற்று நிறுத்தினேன், அவர்கள் இருவரும் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்று.